அச்சுக்குக் காகிதம் இல்லை

பழைய ஜீப் பிக்கப் ஒன்றின் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினால் சேஸ் நம்பர் இருக்கும், இன்ஜின் நம்பர் இருக்கும், வண்டியின் நிறம்கூட இருக்கும். ஆக்சிலுக்கு நம்பர் இருக்காது. சரக்கு வண்டி என்றால் முன் அச்சின்மேல் இவ்வளவு எடை, பின் அச்சின்மேல் இவ்வளவு எடை என்று பதிந்திருப்பார்கள், அதோடு சரி. அது என்ன வகை அச்சு, எந்த வண்டிக்காகச் செய்தது, உள்ளே எத்தனை பல் என்கிற கேள்விகள் அலுவலகத்தில் எழுவதில்லை. மொத்தப் பாரத்தையும் சுமந்துகொண்டு, இன்ஜினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைக் குறுக்கே திருப்பிச் சக்கரத்துக்குக் கொடுக்கும் உறுப்புக்குக் காகிதத்தில் பெயர் கிடையாது.

பெயர் இல்லாததால்தான் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன என்பது என் கட்சி. இன்ஜினை மாற்றினால் எழுதிக் கொடுக்க வேண்டும், வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும். அச்சு ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொரு வண்டியில் ஏறுவது சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது. ஏலத்தில் போன ஏதோ ஒரு துறையின் ஜீப்பிலிருந்த பின் அச்சு, பண்ருட்டிப் பலாவைச் சுமக்கும் பிக்கப்புக்கு அடியில் வந்து உட்கார்ந்திருக்கும். ஆனால் காகிதம் இல்லாத பொருளை வாங்குகிறவனுக்கு அதை இரும்பிலிருந்தே வாசிக்கத் தெரிய வேண்டும். கழற்றி மாட்டுவதற்குக் கைபலமும் நல்ல ஜாக்கியும் போதும். அடையாளம் காண்பதுதான் வித்தை. அதற்கான பள்ளிக்கூடம் பண்ருட்டியைச் சுற்றியே இருக்கிறது.

நெல்லிக்குப்பத்தில் பஸ் ஏறி பண்ருட்டி, காடாம்புலியூர் வழியாக நெய்வேலியில் இறங்குகிறவர் இரண்டு வெவ்வேறு நூற்றாண்டுகளின் இயந்திரங்களைக் கடந்து போகிறார். இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை என்று சொல்லப்படும் பாரி ஆலை நெல்லிக்குப்பத்தில் எழுந்தது 1842இல். அந்தப் பக்கம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பரில் பதிவாகி, 1957 மே மாதம் நேரு சுரங்கத்தைத் தொடங்கிவைத்து, 1961இல் நிலக்கரியைத் தொட்டார்கள். மண்ணை வெட்ட ஜெர்மானியச் சக்கர வாளி எந்திரங்கள், மின்சாரத்துக்குச் சோவியத் அனல்மின் நிலையம். குடியிருப்பைக்கூட வட்டங்களாகப் பிரித்து எண் போட்டார்கள். எண் இல்லாத பொருள் அங்கே உள்ளே நுழைய முடியாது. வெளியேறும்போதுதான் எண் கழன்றுவிடுகிறது.

சர்க்கரை ஆலையில் கரும்பைப் பிழியும் மூன்று உருளைகளையும் ஒன்றோடொன்று பிணைத்துச் சுற்றவைப்பவை பல் சக்கரங்கள். அரவை முடிந்ததும் ஆலையைக் கழற்றிப் போட்டு, உருளையின் தேய்வை அளந்து, பல்லைப் பார்த்து, பேரிங்கைத் தட்டிப் பார்த்து மறுபடி பூட்டுவார்கள். இந்த வட்டாரத்து லேத் பட்டறைகளில் இரும்பின் தேய்வை விரல் நகத்தால் தடவிச் சொல்லும் ஆட்கள் இருப்பதற்கு ஆலையும் சுரங்கமும் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். தொழிற்சாலையில் கற்றது ஓய்வுபெற்ற பிறகும் கையை விட்டுப் போவதில்லை. மந்தாரக்குப்பத்திலோ வடலூர்ச் சாலையிலோ ஒரு பட்டறை முன்னால் நின்றால், உள்ளே படுத்துக்கொண்டு வண்டியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் பேச்சில் அந்தப் பள்ளிக்கூடம் தெரியும்.

வம்சத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போருக்காக அமெரிக்காவில் செய்த வில்லிஸ் ஜீப்பை, 1947இல் மஹிந்திரா பம்பாயில் பூட்டத் தொடங்கியது. பிறகு சிஜே-3பி, அதன் பின்னால் 540, 550, கமாண்டர் என்று அந்த எலும்புக்கூட்டின்மேல் பல உடம்புகள் வந்தன. இவற்றின் அச்சுக்கு வம்சம் வேறு. 1904இல் கிளாரன்ஸ் ஸ்பைசர் தொடங்கிய தொழில், 1946இலிருந்து டானா என்ற பெயரில் நடந்தது. அந்த நிறுவனம் அச்சுகளுக்கு இட்டது வெறும் எண். 23, 25, 27, 41, 44. பெரும்பாலான ஜீப்புகளில் முன்னால் 25 அல்லது 27, பின்னால் 44. பட்டறையில் யாரும் இந்த எண்களைச் சொல்லிக் கேட்டதில்லை. அச்சின் கூட்டைப் பார்த்து ஆஃப்செட் ஹவுசிங், சென்டர் ஹவுசிங் என்பார்கள். அதுவும் சரியான வகைப்பாடுதான், ஏனென்றால் கண்ணுக்கு முதலில் தெரிவது அதுதான்.

குனிந்து பின்னால் பாருங்கள். கிரவுன் வீல் என்கிற பெரிய பல் சக்கரம் இருக்கும் வீங்கிய வயிறு வண்டியின் நடுவில் இருக்கிறதா, வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறதா? ஒதுங்கியிருந்தால் அது வில்லிஸ் வழி. சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பழைய டிரான்ஸ்ஃபர் கேஸ், டானா 18, அதை கியர்பாக்ஸுக்கு நேர்கோட்டில் விடாமல் வலப்பக்கம் தள்ளி இறக்கும்; முன்னும் பின்னும் ஒரே பக்கமாக ஷாஃப்ட் ஓடும். பின்னாளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் மாறியபோது பின் வயிறு நடுவுக்கு வந்தது. ஒதுங்கிய அச்சுக்குப் பதில் நடு அச்சை மாட்டினால் புரபெல்லர் ஷாஃப்ட் பக்கவாட்டில் சாய்ந்து ஓடும், கிராஸ் ஜாயிண்ட் கொஞ்ச நாளில் கையை விரித்துவிடும். இது தெரியாமல் வாங்குகிற கூட்டமும் உண்டு.

அடுத்தது சக்கரம். ஐந்து ஸ்டட் என்றால் ஜீப் குடும்பம். ஆறு இருந்தால் ஜோங்காவாக இருக்கலாம். நிசான் பட்ரோலை ஜபல்பூரில் ராணுவத்துக்காக 1969 முதல் செய்தார்களே, அது. இரண்டுக்கும் ஸ்டட் நிற்கும் வட்டத்தின் விட்டம் ஒன்றே, ஐந்தரை அங்குலம். எண்ணிக்கைதான் வேறு. இன்னும் பழைய வில்லிஸ் என்றால் இடப்பக்க நட்டுகள் எதிர்த்திசையில் திரும்பும். அது தெரியாமல் நீளக் குழாயை மாட்டி மிதித்து ஸ்டட்டை முறித்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஹப்பின் நடுவைப் பார்த்தால் அச்சின் குணம் தெரியும். வட்டமாகப் போல்ட் போட்ட தகடு தெரிந்தால், வண்டியின் எடையை ஹவுசிங்கே சுமக்கிறது. உள்ளே இருக்கும் தண்டு சுற்றுவதற்கு மட்டும். ராணுவ ஜீப்பின் பின் அச்சு அப்படித்தான் இருந்தது. தண்டு முறிந்தாலும் சக்கரம் இடத்தில் நிற்கும். மூடிக்குள் ஒரே ஒரு பெரிய நட்டும் கோட்டர் பின்னும் இருந்தால், தண்டே சுமையையும் தாங்குகிறது என்று பொருள். அது முறிந்தால் சக்கரம் வண்டியை முந்திக்கொண்டு போகும். பின்னதில் ஹப் கூம்பு வடிவத் தண்டில் இறுகிக்கிடக்கும். அதைப் பிரிக்க நல்ல புல்லர் வேண்டும், நட்டை முழுக்கக் கழற்றாமல் நுனியில் விட்டுவைக்கும் புத்தியும் வேண்டும். இல்லாவிட்டால் ஹப் விடுபடும் வேகத்துக்கு எதிரே நிற்பவர் கதி அதோகதி.

இதெல்லாம் வெளித்தோற்றம். உண்மையான அடையாளம் உள்ளே இருக்கும் ஒரு விகிதம். கிரவுன் வீலில் எத்தனை பல், அதைச் சுற்றவைக்கும் சின்னப் பினியனில் எத்தனை பல் என்பதுதான் அந்த அச்சின் பெயர், ஊர், குலம் எல்லாம். போர்க்கால ஜீப்பில் 39க்கு 8. சிஜே வரிசையில் 43க்கு 8 வந்தது. 44ஆம் எண் அச்சில் 41க்கு 11, 45க்கு 11, 47க்கு 11 என்றும் கிடைக்கும். மூடியைத் திறக்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, சக்கரத்திலும் ஷாஃப்டிலும் சாக்குக் கட்டியால் கோடு போட்டு, சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். மற்ற சக்கரம் தரையில் நிற்பதால் இந்த இரண்டு சுற்று கிரவுன் வீலுக்கு ஒரு சுற்று. அதற்குள் ஷாஃப்ட் ஐந்தேகாலுக்கு மேலே கொஞ்சம் ஓடினால் 43/8. ஐந்துக்குச் சற்றுக் குறைவாக நின்றால் 39/8. மூன்றேமுக்காலுக்கு ஒரு மயிரிழை குறைந்தால் 41/11.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின்னால் வரும் ஷாஃப்டில் இருக்கிறது. அது பிடித்திருந்தால் ஷாஃப்ட் சுற்றாது, கணக்கு வராது. விட்டால் வண்டி நகரும். பிடித்திருந்தும்கூட, ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது தரையில் இருக்கும் சக்கரம் முன்னே உருள, அந்தரத்துச் சக்கரம் பின்னே சுற்றி வழிவிடும். ஷாஃப்ட் அசையவே வேண்டாம், வண்டி இறங்கிவிடும். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுக்காமல் அடியில் தலையை நுழைக்கக் கூடாது.

43, 47, 41 என்று இந்த எண்கள் ஏன் இவ்வளவு கோணலாக இருக்கின்றன? 40க்கு 8 என்று வைத்தால் கணக்குப் பிள்ளைக்கு வசதி. ஆனால் அப்போது பினியனின் ஒரு பல், கிரவுனின் அதே ஐந்து பற்களைத்தான் ஆயுள் முழுக்கச் சந்திக்கும். ஒன்றில் சில்லு இருந்தால் அந்த ஐந்தும் வீண். 43க்கு 8 என்றால் பொது வகுத்தி இல்லை. பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் 43 பற்களையும் முறைவைத்துச் சந்தித்துவிட்டுத்தான் முதல் பல்லிடம் திரும்பும். அதற்குள் சக்கரம் எட்டுச் சுற்று, ஜீப் டயருக்குப் பதினேழு பதினெட்டு மீட்டர் சாலை ஓடியிருக்கும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பங்காகிறது. முப்பது நாற்பது வருஷம் ஓடிய அச்சைத் திறந்தாலும் பற்கள் ஒரே சீராக மின்னுவதற்கு இந்த எண்களும் ஒரு காரணம். கிரவுனையும் பினியனையும் ஆலையில் ஒன்றோடொன்று உரசவிட்டு இணங்கவைத்து, இரண்டிலும் ஒரே அடையாள எண்ணைப் பொறித்து அனுப்புகிறார்கள். ஒரு செட்டின் கிரவுனை இன்னொரு செட்டின் பினியனோடு சேர்த்தால் பல் எண்ணிக்கை சரியாக இருந்தும் அழும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் கேபினுக்குள் ஓர் ஊளை. அந்தச் சத்தத்தோடேயே காலம் தள்ளும் வண்டிகள் இந்தச் சாலையில் நிறைய.

நான்கு சக்கர இயக்கத்தில் சிக்கல் இரட்டிப்பாகிறது. முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதத்தில் இருந்தாக வேண்டும். பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் உரையாடல்:

“பின்னாடி எத்தன பல்லு தம்பி?”

“தெரியலண்ணே. முன்னாடி ஹவுசிங் சல்லிசா கெடச்சுது, தூக்கியாந்துட்டேன்.”

“தெரியாம தூக்கியாந்தியா? அப்ப ரெண்டயும் தெறக்கணும்.”

இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே வித்தியாசத்தை விழுங்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. லீவரைப் போட்டதும் இரண்டு ஷாஃப்டும் ஒரே இரும்பாகப் பூட்டிக்கொள்ளும். பின்னால் 43/8, முன்னால் 39/8 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரம் பத்துச் சுற்று சுற்ற, முன் சக்கரம் பதினொன்று சுற்றப் பார்க்கும். நூறு மீட்டரில் முன்பாதி பத்து மீட்டர் அதிகம் போக விரும்புகிற வண்டி அது. மழைக்காலச் சேற்றில் டயர் வழுக்கி அந்த முறுக்கைத் தணித்துவிடும், யாருக்கும் தெரியாது. தார்ச்சாலையில் முறுக்கு ஏறிக்கொண்டே போய் எங்கேயாவது பலவீனமான இடத்தில் வெடிக்கும். கிராஸ் ஜாயிண்டில் போனால் அதிர்ஷ்டம். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்றால் மாதச் சம்பளம். டூ வீல் டிரைவில் மட்டும் ஓட்டுகிறவர் வருஷக்கணக்காக இந்த முரண்பாட்டைச் சுமந்து திரிவார். என்றாவது ஒரு வெள்ளத்தில், 2015 டிசம்பர் போல ஒன்றில், லீவரைப் போடும்போதுதான் வாங்கிய பொருள் என்னவென்று தெரியவரும்.

விகிதத்தை மாற்ற ஏன் ஆசைப்படுகிறார்கள் என்றால், காரணம் பெரும்பாலும் டீசல். பழைய ஜீப்பின் பெட்ரோல் இன்ஜின் 4,000 சுற்று வரை ஓடக்கூடியது. அதற்கு 43/8 பொருந்தும். அதைத் தூக்கிப்போட்டு டீசல் இன்ஜின் வைப்பது இந்தியாவில் ஒரு தலைமுறையின் பொதுப்பழக்கமாகவே இருந்தது. டீசல் நிதானமாகச் சுற்றி இழுக்கும் பிராணி. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் டாப் கியரில் 43/8 அச்சு ஏறத்தாழ 2,400 சுற்று கேட்கும். 41/11 வைத்தால் 1,650 போதும். டீசல் மிச்சம், காதுக்கும் ஓய்வு. கணக்கு இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் எல்லோரும் பின் அச்சை மாற்றிவிட்டு முன் அச்சை மறந்துவிடுகிறார்கள். மறுபக்கம், சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு மணல் பாதையில் திணறும் பிக்கப்புக்கு அந்தப் பழைய 43/8தான் தெய்வம். ஓடும் வண்டியா, இழுக்கும் வண்டியா என்று முதலில் முடிவுசெய்யாதவர் பணத்தை இரண்டு தடவை செலவழிப்பார்.

புறநானூற்றில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை உமணர் வண்டிக்கு அடியில் கட்டித் தொங்கும் மாற்று அச்சுக்கு ஒப்பிடுகிறார், 102ஆம் பாட்டு. உப்பு ஏற்றிக்கொண்டு கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போகிறவர்களுக்கு வழியில் என்ன பள்ளம், என்ன மேடு என்று தெரியாது, அதனால் ஓர் அச்சு கூடவே போகிறது. ஒரு வீரனைப் புகழ இன்னும் பயன்படுத்தாத ஒரு பாகத்தை எடுத்துக்கொண்ட துணிச்சல் எனக்கு எப்போதும் வியப்பு. எனக்குப் பிடித்த விஷயம் வேறொன்றும் அதில் இருக்கிறது. அந்த மாற்று அச்சு அந்த வண்டிக்கென்று அளந்தது. தச்சன் தெரிந்தவன், மரம் தெரிந்த மரம். நம் பட்டறை மூலைகளில் துருப்பிடித்துக் கிடக்கும் ஹவுசிங்குகள் அப்படி அல்ல. எதுவோ ஒரு வண்டிக்கு எதுவோ ஒரு நாள் உதவும் என்ற நம்பிக்கையில் கிடப்பவை. அளவு தெரியாத மாற்று அச்சு, தேவைப்படும் நேரத்தில் வெறும் பாரம்.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு எஃப்சி-150 கதை ஒன்றே போதும். ஓட்டுநரை முன் அச்சுக்கு மேலேயே உட்காரவைத்து, 81 அங்குலச் சக்கர இடைவெளியில் வில்லிஸ் செய்த நான்கு சக்கர இயக்கப் பிக்கப் அது. 1957 மாடலில் இடது டயருக்கும் வலது டயருக்கும் நடுவே 48 அங்குலம்தான். உயரமான மூக்கு, ஒடுக்கமான கால். பார்க்கவே தடுமாறுகிற வண்டி. அடுத்த ஆண்டே அகல அச்சு மாட்டி 57 அங்குலமாக்கினார்கள். உடம்பு அதேதான், நிற்கும் நிலை மாறிவிட்டது. மஹிந்திரா 1965இல் அந்த வண்டியை இங்கே செய்யத் தொடங்கியது. ஆலை அதைச் செய்யும்போது ஸ்டியரிங் ராடு, ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடம், பிரேக் குழாய் எல்லாவற்றையும் வரைபடத்தில் மாற்றிவிட்டுத்தான் செய்கிறது. பட்டறையில் அகல அச்சை மாட்டுகிறவர், பட்டை உட்காரும் தகட்டை மட்டும் வெட்டி வேறிடத்தில் வெல்டிங் வைக்கிறார். அவசரத்தில் ஒரே மூச்சில் வெல்டிங் இழுத்தால் சூட்டில் குழாய் வளையும். பினியனின் மூக்கு ஒரு பாகை மேலே போனாலும் ஷாஃப்ட் அதிரும். கொஞ்சம் இந்தப் பக்கம், ஆறவிட்டு, கொஞ்சம் அந்தப் பக்கம் என்று பொறுமையாக வைப்பவர் கையில் கொடுத்தால் பிழைத்தீர்கள்.

சட்டம் இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. பெரிய டயர் போட்டு, அகல அச்சு மாட்டி, வண்டியை மாடி உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு வாரக் கடைசியில் கடற்கரைக்குப் போகும் வழக்கத்தை நினைத்தால் தீர்ப்பில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அதே வகை அச்சை, அதே விகிதத்தில், கெட்டுப்போனதற்குப் பதிலாக மாட்டுவது வேறு காரியம், அது பழுதுபார்ப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் குனிந்து பல் எண்ணத் தெரிந்த கண் வேண்டும். சாலையில் நிறுத்துகிறவருக்கு டயர் தெரிகிறது, அச்சு தெரிவதில்லை.

அதற்குப் பிறகு வந்தது இன்னொரு விதி. 2023 ஏப்ரல் 1 முதல், 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளுக்கும் பொதுத்துறை நிறுவன வண்டிகளுக்கும் பதிவைப் புதுப்பிக்க முடியாது. பதிவுபெற்ற உடைப்பு நிலையங்களுக்குத்தான் போக வேண்டும். முன்பு ஏலம் வழியாக ஊருக்குள் வந்த ஜீப்புகள் அப்படியே இரும்பாக மாறிவிடும். பழைய டீசல் விடும் புகையை யோசித்தால் நியாயம் இருக்கிறது. ஆனால் அச்சு புகை விடுவதில்லை. புது டீசலுக்கு அடியிலும் அது அதே 41/11 வேலையைத்தான் செய்யும். இன்ஜினின் ஆயுளை வைத்து அச்சின் ஆயுளைத் தீர்மானிப்பது, காகிதத்தில் எது இருக்கிறதோ அதைத்தான் பொருளாக எண்ணும் பழக்கத்தின் விளைவு. உடைக்க வேண்டியதை உடைக்கட்டும். அதற்கு முன் பிரிக்க வேண்டியதைப் பிரித்து, அடையாளம் எழுதி விற்கும் வேலையைக் கற்றவர்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

உங்கள் வீட்டுக் கொல்லையிலோ தோப்பிலோ ஒரு பழைய ஜீப்போ பிக்கப்போ எடைக்குப் போகக் காத்திருந்தால், கேஸ் கட்டரைக் கூப்பிடுவதற்கு முன் இரண்டு மூடிகளையும் கழற்றுங்கள். எண்ணெயைத் துடைத்துப் பல்லை எண்ணி, கிடைத்த இரண்டு எண்களையும் ஹவுசிங்கின்மேல் வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக எழுதிவையுங்கள். முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக விற்காதீர்கள்.